பாலாற்றுத் தண்ணீரும் வேளாண் கொள்கைதான்

பாலாற்றங்கரை உழவர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வாணியம்பாடி முதல் வாலாஜா வரை, பேரணாம்பட்டு முதல் ஆற்காடு வரை உங்கள் சங்கங்களின் பெயர் வேறு, கொடி வேறு, தோளில் கிடக்கும் துண்டின் நிறம் மட்டும் பெரும்பாலும் ஒன்று. உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன்.

2021 ஆகஸ்ட் 14 அன்று தமிழ்நாட்டில் முதல் முறையாக வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை வாசிக்கப்பட்டது. அந்த ஆண்டிலேயே துறையின் பெயரும் வேளாண்மை – உழவர் நலத்துறை என்று மாறியது. அதிலிருந்து நிதிநிலை அறிக்கைக் காலம் வந்தாலே உழவர் சங்கத்தாரை அழைத்துக் கருத்துக் கேட்பதும், நீங்கள் மனுவோடு சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் பார்க்கப் போவதும் வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம். சட்டம் செய்கிறவர்களை நேரில் உட்காரவைத்துப் பேசும் வாய்ப்பு நம் தாத்தாக்களுக்கு இருந்ததில்லை. அந்த வாய்ப்பு வீணாகக்கூடாது என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

உங்கள் மனுக்கள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். கரும்பு நிலுவைத்தொகை, வடபுதுப்பட்டில் ஓடாமல் நிற்கும் ஆம்பூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, நேரடி நெல் கொள்முதல் நிலையம், யூரியா தட்டுப்பாடு, காட்டுப்பன்றி, ஏரி தூர்வாருதல், ஆந்திர எல்லையில் உயர்த்தப்பட்ட தடுப்பணைகள் என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தில் பத்தோடு பதினொன்றாக 'தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பாலாற்றில் கலப்பதைத் தடுக்க வேண்டும்' என்று ஒற்றை வரி. எல்லாமே நியாயமான கோரிக்கைகள். ஆனால் இருபது கோரிக்கை அடங்கிய மனுவை வாங்குகிறவர் அதில் எளிதானது எதுவோ அதைத்தான் நிறைவேற்றுவார். தார்ப்பாய் கிடைக்கும், கைத்தெளிப்பான் கிடைக்கும், விதைக்கு மானியம் கொஞ்சம் கூடும். சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவீர்கள். கடைசி வரி கடைசி வரியாகவே அடுத்த ஆண்டு மனுவிலும் இருக்கும்.

இந்த முறை அந்தக் கடைசி வரியை மட்டும் கொண்டு போங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றவற்றை மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்வு நாள் கூட்டத்தில் பேச முடியும். இதை அங்கே பேசித் தீர்க்க முடியாது. இது சட்டமன்றத்தில்தான் பேசப்பட வேண்டும். ஏனென்றால் நம் கிணறுகள் உப்பாகிப் போனதே ஓர் அரசுக் கொள்கையின் விளைவு.

அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் தோல் பதனிடுவது நேற்று வந்த தொழில் கிடையாது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்ட தோல் வெள்ளைக்காரன் காலத்திலேயே கப்பல் ஏறியது. அந்தத் தொழிலிலும் நாற்றம் உண்டு, கழிவும் உண்டு. ஆனால் அதன் கழிவில் பெரும்பகுதி மரப்பட்டைச் சாறு. 1972-இல் மத்திய அரசு அமைத்த சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி முழுமையாக முடித்த தோலையும் காலணி போன்ற தோல்பொருள்களையும் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டுகளில் அது நடைமுறைக்கு வந்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி கூடியது, நம் ஊர்களில் வேலை பெருகியது. அந்த நோக்கத்தில் குறை காண மாட்டேன். ஆனால் உலகச் சந்தை கேட்ட மென்மையும் வேகமும் குரோமியம் சேர்த்துப் பதனிடும் முறையில்தான் கிடைத்தது. வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. ஆவாரம்பட்டை போய் குரோமிய உப்பும் கந்தகச் சேர்மங்களும் சாயங்களும் வந்தன. கழிவுநீர் எங்கே போகும், அதைக் குடிக்கப்போகிறவர் யார், அதைப் பாய்ச்சப்போகிறவர் யார் என்ற கேள்விக்கு அந்தக் கொள்கையில் இடமே ஒதுக்கப்படவில்லை. டெல்லியில் தொழில் கொள்கை என்ற பெயரில் முடிவானது, பாலாற்றங்கரையில் வேளாண் கொள்கையாக வந்து இறங்கியது. அந்த முடிவு எடுக்கப்பட்ட அறையில் ஓர் உழவரும் உட்கார்ந்திருக்கவில்லை.

குரோமியத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நம் வயலை முதலில் கொன்றது சாதாரண உப்பு என்பதை நீங்கள் அறிவீர்கள். தோல் அழுகாமல் இருக்க உப்பு தடவித்தான் டேனரிக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைக்கு, வருகிறது. அங்கே முதல் வேலையே ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவது. அந்தத் தண்ணீர் நிலத்தில் இறங்கினால் கிணறு உவர்க்கிறது. உவர்நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் மண்ணில் சோடியம் சேர்ந்து களிமண்துகள்கள் குலைந்து, மேல்மண் இறுகி, மழைநீர்கூட உள்ளே இறங்காமல் வழிந்தோடும். நெல் முளைக்காது. கத்தரி இலையின் ஓரம் கருகும். தேங்காய் சிறுக்கும். உவரும் களரும் சேர்ந்த அந்த நிலத்தில் கடைசியாக மிஞ்சுவது சீமைக்கருவேலம். கழிவுநீரில் கரைந்திருக்கும் மொத்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு இருக்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் முதலில் கட்டப்பட்டபோது அவை அழுக்கையும் நாற்றத்தையும் குறைத்தன. கரைந்த உப்பைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு அவற்றில் இல்லை. தெளிந்ததுபோலத் தெரியும் தண்ணீர் உப்போடுதான் வெளியே வந்தது. சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கும் கலன்களும் பிறகு வந்து சேர்ந்தன. அவை பிரித்தெடுக்கும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பது இன்றும் தீராத தலைவலி.

இனி நீதிமன்றத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சட்டமன்றக்காரர்களிடம் பேசும்போது உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆவணம் அதுதான். 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், கெடுதல் வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. இந்தியாவின் சட்டக் கல்லூரிகளில் சுற்றுச்சூழல் பாடத்தில் வேலூர் வழக்கைப் படிக்கிறார்கள். அந்தத் தீர்ப்பில் பதிவானவற்றைக் கேளுங்கள்: ஒரு கிலோ தோலை முடித்தெடுக்க 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. குரோம் முறையில் சுமார் 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன. வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் ஆய்வுப்படி, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது. ஏக்கரில் சொன்னால் 86,000-க்கு மேல்.

அதே தீர்ப்பின்படி சூழல் இழப்பை மதிப்பிட்டு ஈடு வழங்க ஓர் ஆணையம் அமைந்தது. நீதிபதி பாஸ்கரன் தலைமையில் அது ஊர் ஊராகக் கணக்கெடுத்து, 2001 மார்ச் 7 அன்று 29,000-க்கும் மேற்பட்டோருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் ஈடு வழங்க உத்தரவிட்டது. 29,000 பேருக்கு 26 கோடி என்றால் சராசரியாக ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வராது. ஒரு தலைமுறை நிலத்தை இழந்ததற்கு அதுதான் விலை. அந்தக் கணக்கும் 1998-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. 1999-லிருந்து நம் கிணறு நன்னீராகிவிட்டதா?

இந்தக் கேள்விதான் மறுபடியும் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்புச் சொன்னது. முந்தைய ஈட்டு உத்தரவுகளில் இன்னும் கொடுபடாத தொகையை அரசு ஆறு வாரத்துக்குள் உரியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும். ஏற்பட்ட கேட்டை முழுமையாகச் சரிசெய்யும்வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தீராது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்துச் சூழல் தணிக்கை செய்ய வேண்டும். அந்தக் குழுவில் மத்திய, மாநிலச் செயலாளர்கள், சூழலியல் வல்லுநர்கள் ஆகியோருடன் பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும்.

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகள் என்றால் நீங்கள்தான். அந்த இடத்தில் யாரை உட்கார்த்துகிறார்கள், அவர் எந்த ஊர், அவர் வயலுக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர், எத்தனை பெண்கள், எத்தனை கூலித் தொழிலாளர்கள் என்பதையெல்லாம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. 1972-இல் இல்லாத நாற்காலியை உச்ச நீதிமன்றமே போட்டுக் கொடுத்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்காமல் யூரியாவுக்கு மனு கொடுத்துவிட்டு வருவது சரியாக இருக்காது.

யாரிடம் கேட்பது என்பதிலும் கவனம் தேவை. நீங்கள் வழக்கமாகப் பார்ப்பது வேளாண் துறை அமைச்சரை. ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவருடைய துறையில் இல்லை, அது சுற்றுச்சூழல் துறையின் கீழ் வருகிறது. ஆறு நீர்வளத் துறைக்குச் சொந்தம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கான மானியமும் தொழில் அனுமதியும் தொழில் துறைகளின் மேசையில். நகராட்சிச் சாக்கடை நேராகப் பாலாற்றில் விழுவது நகராட்சி நிர்வாகத் துறையின் வேலை. வேளாண் அமைச்சர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், 'சம்பந்தப்பட்ட துறைக்குப் பரிந்துரைக்கிறேன்' என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியாது. ஆகவே வேளாண் மானியக் கோரிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். சுற்றுச்சூழல் துறையின் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வருகிற நாளைத் தெரிந்துகொண்டு, அதற்கு முந்தைய வாரம் போங்கள். உறுப்பினர் ஒருவர் கையில் கேள்வி இருந்தால் கேள்வி நேரத்தில் எழுப்பலாம், அவசரமானால் கவன ஈர்ப்புக் கொண்டுவரலாம். பேரவையில் அமைச்சர் ஒரு வாக்குறுதி கொடுத்துவிட்டால் அது நிறைவேறியதா என்று பார்க்க உறுதிமொழிக் குழு இருக்கிறது. பொதுமக்களின் மனுவை ஏற்று ஆராய மனுக்கள் குழுவும் உண்டு. இவை உங்கள் தெருமுனைக் கூட்டத்தை விடச் சத்தம் குறைந்தவை, ஆனால் எழுத்தில் பதிவாகிறவை. பேரவைக் குறிப்பில் ஏறிய பதிலை அடுத்த ஆட்சி வந்தாலும் அழிக்க முடியாது.

எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். 2019-இல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. நிர்வாகத்துக்கு அது வசதி. ஆற்றுக்கு அது வசதியாக அமையவில்லை. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் ஆட்சியரிடம், பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூர் ஆட்சியரிடம், மேல்விஷாரமும் வாலாஜாவும் ராணிப்பேட்டை ஆட்சியரிடம் முறையிட வேண்டியிருக்கிறது. மாராப்பட்டில் ஆற்றில் நுரை பொங்கினால் ஓர் ஆட்சியர் வருவார். அந்தத் தண்ணீர் இறங்கிப்போகும் கீழூர்க்காரர் இன்னோர் ஆட்சியரைத் தேட வேண்டும். மூன்று மாவட்டத்திலும் சேர்த்துச் சட்டமன்றத் தொகுதிகள் பதின்மூன்று. வாணியம்பாடி, ஆம்பூர், ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், குடியாத்தம், கீழ்வைத்தியணான்குப்பம், அணைக்கட்டு, வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு, சோளிங்கர், அரக்கோணம். பதின்மூன்று பேரையும் ஒரே நாளில் ஒரே அறையில் உட்காரவைக்க உங்களால் முடியும். கட்சி பார்க்காமல் கூப்பிடுங்கள். அவரவர் வீட்டு வரவேற்பறையில் தனித்தனியாகப் பார்த்தால் பதின்மூன்று ஆறுதல் வார்த்தைகள் கிடைக்கும். சேர்த்து உட்காரவைத்தால், ஒருவர் தலையாட்டியதை மற்ற பன்னிரண்டு பேரும் பார்த்திருப்பார்கள்.

சரி, உட்காரவைத்து என்ன கேட்பது? நான் ஒன்றைத்தான் முன்வைப்பேன். கணக்கு. பாலாற்றுப் படுகையில் உள்ள ஊர்களின் பாசனக் கிணறுகளிலும் குடிநீர்க் கிணறுகளிலும் உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்பும் பின்பும் அளந்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்ட வேண்டும். அளப்பதை அரசு செய்யட்டும். உடன் நின்று பார்க்க உங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருக்கட்டும். அந்த அளவு எழுதப்பட்டால்தான் 1998-க்குப் பிந்தைய இழப்பைக் கேட்க முடியும். எந்த நிலம் மீண்டது, எந்த நிலம் இன்னும் சாகிறது என்று சொல்ல முடியும். அளவில்லாமல் பேசினால் டேனரிக்காரர் 'நாங்கள் ஒரு சொட்டும் வெளியேற்றுவதில்லை' என்பார், நீங்கள் 'நுரையைப் பாருங்கள்' என்பீர்கள், அதிகாரி இரண்டையும் குறித்துக்கொண்டு போவார்.

இதைச் செய்ய ஒரு வழி ஏற்கெனவே திறந்து கிடக்கிறது. 2015 முதல் உழவர்களுக்கு மண்வள அட்டை தருகிறார்கள். பலர் வீட்டில் அது பரண் மேல் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அதில் தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமிலநிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம் என்று பன்னிரண்டு அளவுகள் இருக்கும். குரோமியம் இருக்காது. சோடியமும் தனியாக இருக்காது. நாடு முழுவதற்கும் ஒரே படிவம் அது. தோல் கழிவால் கெட்டது என்று உச்ச நீதிமன்றமே பதிவுசெய்த நிலத்துக்கும் குரோமியம் இல்லாத அட்டைதான் கொடுக்கப்படுகிறது. எவ்வளவு துத்தநாக சல்பேட் போட வேண்டும் என்று பரிந்துரைக்கும் அட்டை, இந்த நிலத்தில் கீரை விதைக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. மூன்று மாவட்டங்களுக்கு மட்டும் அந்த அட்டையில் இரண்டு வரிகளைக் கூட்டுங்கள் என்று கேளுங்கள். இது வேளாண் துறையே செய்யக்கூடியது. விரிஞ்சிபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பெரும் செலவு என்று யாராலும் தட்டிக்கழிக்க முடியாது.

இந்த அட்டை நம் பெருமைக்கும் தேவைப்படுகிறது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த மண்ணில் விளைந்தது என்பதே அந்தக் குறியீட்டின் மதிப்பு. மண் நன்றாக இருக்கிறது என்று காட்டும் தாள் கையில் இருந்தால் இலவம்பாடிக்காரர் தைரியமாக விற்பார். அளக்காமல் விட்டால் ஒருநாள் எங்கோ ஒரு சந்தேகம் கிளம்பி, கெடாத நிலத்தின் காய்க்கும் கெட்ட பெயர் வரும்.

இப்போது கடினமான விஷயத்துக்கு வருகிறேன். ஆந்திரத் தடுப்பணையைப் பற்றிப் பேசும்போது நம் கூட்டங்களில் வரும் ஆவேசம், டேனரியைப் பற்றிப் பேசும்போது வருவதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக் காலணித் தொழிற்சாலைகளின் பேருந்துகள் விடியற்காலையில் நம் கிராமங்களுக்குத்தான் வருகின்றன. ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் நம் வீட்டுப் பெண்கள். நிலம் விளையாத ஆண்டுகளில் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தச் சம்பளத்தால். அக்காவின் கூலியையும் அண்ணனின் கிணற்றையும் எதிரெதிரே நிறுத்தும் பேச்சு எதுவும் ஊருக்குள் எடுபடாது, எடுபடவும் கூடாது. ஆகவே 'டேனரிகளை மூடு' என்ற கோரிக்கையோடு போகாதீர்கள். மூடும்படி கேட்பதும், எங்காவது தூரத்தில் கொண்டுபோய் வைக்கும்படி கேட்பதும் எளிது. வங்கதேசத்தில் டாக்காவின் ஹசாரிபாக் பகுதியிலிருந்த டேனரிகளை 2017-இல் சாவாருக்கு இடம் மாற்றினார்கள். புதிய இடத்தில் தலேஸ்வரி ஆறு கெட்டது. நம் துன்பத்தை இன்னோர் ஆற்றங்கரைக்கு அனுப்புவது தீர்வாகாது.

தொழிலாளர்களை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2025 தீர்ப்புக்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது அது. நம் வயலுக்கு வருவதும் அதே சேற்றின் தண்ணீர்தான். அதே ராணிப்பேட்டையில், மூடிப்போன குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற குரோமியக் கழிவு மலைபோல் குவிந்து, லட்சக்கணக்கான டன் அளவில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தது. அந்த ஆலைக்குத் தொழிலாளரும் இல்லை, முதலாளியும் இல்லை, கழிவு மட்டும் மழைக்கு மழை கரைந்து நிலத்தடிக்கு இறங்கியது. ஆகவே உங்கள் குழுவில் தோல் தொழிற்சங்கத்தார் இரண்டு பேரும் நிலமில்லாத விவசாயக் கூலிகள் இரண்டு பேரும் வரட்டும். பட்டா வைத்திருப்பவர் மட்டும் போனால் பேச்சு பட்டாவைப் பற்றியே இருக்கும். கிணறு உப்பானபோது முதலில் வேலையை இழந்தவர் நாற்று நட வந்தவர்தான்.

தொழிலைக் காப்பாற்றிக்கொண்டே உப்பைக் குறைக்க வழி இருக்கிறது என்பதை நான் நம்புகிறேன். சென்னை அடையாறில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. ஊறவைக்கும் முன்பே தோலை உதறி உலர் உப்பைத் தனியே எடுப்பது, தண்ணீர் சேர்க்காமலே குரோமியம் ஏற்றுவது என்று பல முறைகளை அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். இவற்றைப் பின்பற்றும் ஆலைக்குச் சலுகை, பின்பற்றாத ஆலைக்குக் கூடுதல் கட்டணம் என்று ஒரு கொள்கை எழுதச் சொல்லிச் சட்டமன்றக்காரர்களைக் கேட்கலாம். கோட்டைக்குப் போகும் அதே நாளில் அடையாறுக்கும் ஒரு நடை போய், விஞ்ஞானிகளோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள். டேனரிச் சங்கத்தார் 'முடியாது' என்று சொல்லும்போது, எது முடியும் எது முடியாது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நமக்கு முன்னோடி இல்லை என்று யாரும் சோர்ந்துபோக வேண்டாம். நொய்யல் ஆற்றைத் திருப்பூர்ச் சாயக்கழிவு கெடுத்தபோது வழக்குத் தொடுத்தவர்கள் ஆயக்கட்டு உழவர்கள்தான். அந்த வழக்கின் முடிவில் 2011 ஜனவரியில் சாய ஆலைகளையே மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு மாறிய பிறகே அவை திறந்தன. காவிரி டெல்டாவில் ஹைட்ரோகார்பன் திட்டங்களை எதிர்த்து உழவர்கள் ஆண்டுக்கணக்கில் நின்றதால் 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தைப் பாலாற்றுக்கு அப்படியே பொருத்த முடியாது. இங்கே தொழிலும் வேளாண்மையும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. ஆனால் ஒரு வட்டாரத்தின் உழவுக்கெனத் தனிச் சட்டம் செய்யச் சட்டமன்றத்தால் முடியும் என்பது அதில் நிரூபணமாகிவிட்டது. கோயம்புத்தூரில் நாராயணசாமி நாயுடு 1970-களில் மாட்டுவண்டிகளைத் திரட்டி நகரையே நிறுத்தியபோது அவர் கேட்டதும் பெரும்பாலும் ஒன்றைத்தான், மின்கட்டணம். இன்று தமிழ்நாட்டில் உழவு மோட்டாருக்குக் கட்டணமே இல்லை. அவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அந்த இலவச மின்சாரத்தில் ஓடும் மோட்டார் ஆம்பூர்ப் பக்கம் மேலே ஏற்றித் தருவது எந்தத் தண்ணீர் என்று கேட்க இப்போது நீங்கள் இருக்கிறீர்கள்.

எதிர்த்தரப்புச் சொல்லப்போகும் சிலவற்றையும் இப்போதே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். 'ஆற்றில் கலப்பது நகராட்சிச் சாக்கடை' என்பார்கள். அதுவும் உண்மை, அதையும் அளக்கச் சொல்லுங்கள். 'மணல் அள்ளியதால்தான் ஊற்று வற்றியது' என்பார்கள். மணல் போனது உண்மை. மணல் இருந்தவரை ஓரளவு வடிகட்டிக் கொடுத்த ஆறு இப்போது கழிவை நேராக நிலத்தடிக்கு இறக்குகிறது என்பதும் அதோடு சேர்ந்த உண்மை. '2021 நவம்பர் வெள்ளத்தில் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது' என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெள்ளம் ஆற்றுப்படுகையின் மேல் ஓடுகிறது. முப்பது நாற்பது ஆண்டுகள் நிலத்தடியில் சேர்ந்த உப்பு ஒரு வெள்ளத்தில் போகாது. போயிருந்தால் அளவு காட்டட்டுமே, எல்லோருக்கும் மகிழ்ச்சிதான்.

மனுவை இரண்டு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். முதல் பக்கத்தில் 1996, 2001, 2025 என்று மூன்று தேதிகளும் அவற்றில் நீதிமன்றமும் ஆணையமும் சொன்னதும் இருக்கட்டும். இரண்டாம் பக்கத்தில் நான்கு கேள்விகள்: 2001 ஈட்டில் இன்னும் பணம் வாங்காதவர்கள் ஊர்வாரியாக எத்தனை பேர்? 1998-க்குப் பிந்தைய இழப்பை யார், எப்போது மதிப்பிடுவார்கள்? சூழல் தணிக்கைக் குழுவில் உழவர் பிரதிநிதி யார்? கிணற்று அளவும் மண் அளவும் எந்த மாதம் முதல் ஊராட்சிச் சுவரில் ஒட்டப்படும்? ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே பதில் எழுத இடம் விடுங்கள். பதின்மூன்று உறுப்பினர்களிடமும், இந்தக் கேள்விகளைப் பேரவையில் எழுப்புவேன் என்று கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடாதவரிடம் கோபப்பட வேண்டாம், அவர் பெயருக்கு எதிரே இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.

இறந்துபோனவர்களின் வாரிசுகளை மறந்துவிடாதீர்கள். 2001 பட்டியலில் பெயர் இருந்த பெரியவர்கள் பலர் இன்று இல்லை. பட்டா மாறியிருக்கும், நிலம் கைமாறியிருக்கும், பிள்ளைகள் பெங்களூருக்குப் போயிருப்பார்கள். ஈட்டுப் பணம் வந்தாலும் வாரிசுச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் அலைய நேரும். ஊருக்கு ஒருவர் அந்தப் பட்டியலை எடுத்து, யார் இருக்கிறார்கள், யார் இல்லை, வாரிசு யார் என்று இப்போதே குறித்துவைத்தால், பணம் வரும் அன்று இடைத்தரகர்களுக்கு வேலை இருக்காது. இது இளைஞர்கள் செய்யக்கூடிய வேலை. ஒரு மாத ஞாயிற்றுக்கிழமைகள் போதும்.

சென்னையிலிருந்து திரும்பியதும், கிடைத்த பதில்களையும் கிடைக்காத பதில்களையும் அடுத்து வரும் கிராம சபையில் படித்துக்காட்டித் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்றும் நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. நிதிநிலை அறிக்கைக் காலத்தை ஒட்டியே அது வருகிறது. பதின்மூன்று தொகுதிகளின் பாலாற்றுப் படுகை ஊராட்சிகள் எல்லாம் ஒரே நாளில் ஒரே தீர்மானத்தை நிறைவேற்றினால், அந்தத் தீர்மானங்களின் நகல்களை மனுக்கள் குழுவுக்கு அனுப்பும் வேலையை உங்கள் சங்கங்களில் எது எடுத்துக்கொள்கிறது என்பதை மட்டும் புறப்படுவதற்கு முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
பாலாற்றங்கரையிலிருந்து ஓர் எழுத்தாளர்